விரியாத கை

புதூர்,
12 அக்டோபர் 2025, ஞாயிற்றுக்கிழமை

மாப்பிள்ளை செல்வகணேஷுக்கு உன் அத்தான் மாயகிருஷ்ணன் எழுதுவது.

பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இருபத்தெட்டாம் தேதி கோவில்பட்டி கோர்ட்டில் உனக்கு எதிராகச் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். இடது கையால் மூன்று நாளாக எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். வலது கையை வெட்டியவன் நீ, அதனால் பொறுத்துக்கொண்டு படி. ஜெயிலில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். நன்றாகப் பார்க்கட்டும்.

இங்கே இரண்டு நாள் மழை பெய்தது. உன் காட்டில் உன் அக்காதான் உளுந்து விதைத்திருக்கிறாள். நான் அந்த வரப்பில் கால் வைக்கவில்லை.

என் வலியைச் சொல்கிறேன். நீ வெட்டிய இடம் ஆறிவிட்டது. ஆறாதது, இல்லாமல் போன கை. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை, ஆனாலும் அங்கே ஒரு கை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஐந்து விரலும் மடங்கி, நகம் உள்ளங்கைக்குள் இறங்குகிறது. டாக்டர் இது பைத்தியமில்லை, மூளை இன்னும் அந்தக் கையை விடவில்லை என்றார். வலி ஏறினால் எனக்கு மனுசப் புத்தி போய்விடும். சோற்றுத் தட்டை எறிந்திருக்கிறேன். மொட்டைக் கையை வேப்பமரத்தில் இடித்து இடித்து ரத்தம் பார்த்திருக்கிறேன். ஒருநாள் சினை ஆட்டை வயிற்றில் மிதித்தேன், அது செத்தே போய்விட்டது. உன்னைத் தினமும் மனதுக்குள் வெட்டினேன், ஒரே வெட்டில் முடிக்காமல்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தருகிற கிருஷ்ணவேணி என்ற பெண் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். போனை எதிரே நிறுத்தி இடது கையைக் காட்டினால், திரையில் அது வலது கையாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே விரித்து மூட வேண்டும். மூளை ஏமாந்து, இல்லாத கையையும் விரித்துவிடுமாம். காலை ஆறு மணிக்கு ஒரு பெண் குரல் கேள்வி கேட்கும். வலி பத்துக்கு எத்தனை? ஒன்பது என்பேன். கை விரிந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? மூடியிருக்கிறது என்பேன். எதையாவது பிடித்திருக்கிறதா? இல்லை என்பேன். நான் எவ்வளவு கெட்ட வார்த்தை சொன்னாலும் அந்தக் குரலுக்குக் கோபமே வராது. பதிலெல்லாம் கிருஷ்ணவேணியின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும்.

நாற்பத்தொரு நாள் இல்லை என்றே சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி போலீசுக்கும் அதைத்தான் சொல்லியிருந்தேன். வெறுங்கையோடு போனேன், அவன் வெட்டினான் என்று.

அது பொய் என்று உனக்குத் தெரியும். மாசி மாதம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் என் ஆடுகள் உன் மிளகாய்க்குள் இறங்கின. நீ என் கிடாயின் காலை மண்வெட்டிப் பிடியால் அடித்து முறித்தாய். நான் ஆட்டுக்குக் குழை வெட்டுகிற அரிவாளோடு ஓடி வந்து உன் கழுத்துக்குத்தான் வீசினேன். துண்டு கிழிந்தது, கழுத்து தப்பியது. இரண்டாம் தடவை ஓங்கியபோதுதான், கருவேல முள் வெட்ட வரப்பில் போட்டிருந்த அரிவாளை நீ எடுத்தாய். என் கை அரிவாளோடு சேர்ந்து மிளகாய்ச் செடிக்குள் போய் விழுந்தது. எனக்குக் கஞ்சி கொண்டுவந்த உன் அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ அவளைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டாய். அவள் ஒன்றையும் பார்க்கவில்லை என்று போலீசிடம் சொல்லிவிட்டாள். என் அரிவாளும் கிடைக்கவில்லை. அது எங்கே போனதென்று எனக்கே தெரியாது, கிடைக்காதவரை நல்லது என்று இருந்துவிட்டேன். உன் ஜாமீனுக்கு நிற்க வந்த சொந்தக்காரர்களை மிரட்டித் திருப்பியனுப்பியவனும் நான்தான்.

போன செவ்வாய்க்கிழமை உன் அக்கா வெள்ளைத்தாய் பாளையங்கோட்டை ஜெயிலுக்கு உன்னைப் பார்க்க வந்தாள். முகம் காட்ட மாட்டேன் என்று நீ சொல்லியனுப்பிவிட்டாய், ஆறாவது தடவையாக. மூன்று பஸ் மாறி வெயிலில் வீடு வந்து சேர்ந்தாள். நான் போன் முன்னால் உட்கார்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தேன். சனியன் விரியவே மாட்டேன் என்கிறதே என்று கத்தினேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. “எப்படி விரியும்? அருவாளல்லா புடிச்சிருந்திய. வெட்டுப்பட்ட கையில இருந்து ஒவ்வொரு வெரலா நாந்தான விரிச்சு எடுத்தேன்” என்றாள்.

அரிவாளை எடுத்து, சோளத்தட்டை அடுக்கிய படப்புக்குள் சொருகியிருக்கிறாள். நான் பிழைக்க மாட்டேன் என்று நினைத்தாளாம். சாகப்போகிற மனுசன் மேல் எதற்குப் பழி என்று மறைத்தாளாம். நான் பிழைத்துவிட்டேன், நீ உள்ளே போய்விட்டாய். அதற்கப்புறம் யாரிடம் வாய் திறப்பாள்?

எனக்குக் கண்மண் தெரியவில்லை மாப்பிள்ளை. அவளை அடிக்க இடது கையை ஓங்கினேன். எதிரே போன் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வலது கை ஓங்கி நின்றது. உன் கழுத்துக்கு மேலே நின்ற அதே கை. அதற்குக் கீழே உன் ஜாடையில் உன் அக்காவின் முகம். அவள் விலகவேயில்லை. “அடிங்க, ஒங்க ரெண்டு கையையும் பாத்தாச்சு” என்றாள். கையை இறக்கிவிட்டேன். அவள் முன்னாலேயே வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் காலையில் அந்தக் குரல், எதையாவது பிடித்திருக்கிறதா என்று கேட்டது. ஆமாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் கிருஷ்ணவேணி போனில் வந்துவிட்டாள். “என்ன அண்ணாச்சி, இத்தன நாளா இல்லைன்னிய, இன்னைக்கு ஆமாங்கிய. என்னத்தப் புடிச்சிருக்கு?” என்றாள். முழுவதையும் சொன்னேன். பிறகு, அதே மாதிரி ஒரு அரிவாளை இடது கையில் பிடித்து, திரையைப் பார்த்துக்கொண்டே கீழே போடச் சொன்னாள். மாதிரிக்கு எங்கே போவது? உன் அக்கா படப்பிலிருந்து அதையே உருவிக்கொண்டு வந்தாள். துருவும் காய்ந்த ரத்தமுமாக இருந்தது. பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் வலது கை அரிவாளோடு தெரிந்தது. ரொம்ப நேரம் போட முடியவில்லை. கடைசியில் போட்டேன்.

வலி போய்விடவில்லை. ஒன்பது ஆறாகியிருக்கிறது. வலிக்குப் பயந்துதான் இவன் உண்மை பேசுகிறான் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். உன்னை மன்னித்துவிட்டேன் என்றும் எழுத மாட்டேன். சட்டைப் பொத்தான் போட முடியாமல் நிற்கும்போதெல்லாம் உன் மேல் வெறிதான் வருகிறது. ஆனால் முதலில் வீசியவன் நான். அதைக் கோர்ட்டில் சொல்லப்போகிறேன், அரிவாளையும் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். மாற்றிச் சொன்னால் என் மேலேயே கேஸ் திரும்பும் என்று வக்கீல் சத்தம் போட்டார். திரும்பட்டும். இந்தக் கடிதத்தை உன் அக்கா பெயரை விட்டுவிட்டுத்தான் எழுதியிருப்பேன். அரிவாளை மறைத்தது நான்தானே, என் பெயரையும் எழுதுங்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தவள் அவள்தான்.

இப்போது அவள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். இனி எழுதுவது அவளுக்குத் தெரியாது.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவள் மறுபடி உன்னைப் பார்க்க வருகிறாள். இந்தத் தடவை வெளியே வா. எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று தினம் காலையில் கேட்க ஒரு குரல் இருக்கிறது. அவளை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்க எனக்கு முகமில்லை. அவள் எதிரே நின்று, எவ்வளவு வலிக்குது அக்கா என்று நீ ஒரு வார்த்தை கேளு. உடம்பைப் பார்த்துக்கொள். நல்லபடியாக வீடு வந்து சேர்.

இப்படிக்கு,
உன் அத்தான்
மாயகிருஷ்ணன்