வேட்டியில் ஒரு மகாசமுத்திரம்

1959 நவம்பர் 9, திங்கள்

காலை முதல் தூறல். சித்தூர் முழுக்கச் சேறு. வியாழனன்று திருப்பதிப் பெண்கள் பள்ளியில் மாதிரிப் பாடம். திருத்தணி ஆந்திராவை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகிறதாம். அந்த ஊரிலிருந்து வந்த சரித்திர ஆசிரியை தானும் அங்கேயே போவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். இடம் காலி. நான் ஆசிரியப் பயிற்சி பி.டி. முடித்துப் பதினெட்டு வருஷம். நாற்பத்துமூன்று வயதில் இன்னொரு இடம் காலியாகும் என்று காத்திருப்பதா?

பாடம்: பழைய கடற்பயணங்கள். வேண்டியவை: உலகப் படம், குச்சி, இஸ்திரி போட்ட புடவை.

ந. 10, செவ்.

கடையில் அச்சடித்த படம் இல்லை. பழைய வேட்டி ஒன்று எடுத்து, அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டும் இடங்களைக் கணக்கிட்டுப் பென்சில் புள்ளி வைத்தேன். நாத்தனார் ராஜம்மா மையால் சேர்க்கிறாள். பள்ளிக்கூடம் போனதில்லை, கோலத்தில் கை தவறாது. ஆப்பிரிக்கா அழகாக இறங்குகிறது.

ந. 11, புதன்

சான்றிதழ் நகலுக்குப் போய்த் திரும்பினால் படம் முடிந்திருந்தது. ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்து மலாயா வரை ஒரே கோடு! இந்து மகாசமுத்திரத்துக்கு நாலா பக்கமும் கரை.

“என்னடி இது?”

“கோடு பாதில நின்னுக்கினு இருந்துச்சி அண்ணி. அப்பிடியே வுட்டா வூட்டுக்கு ஆவுமா? மூடிட்டேன்.”

“இது கோலமாடி?”

“புள்ளி வெச்சது நீதான?”

மை போகாது. மறுபடி வரைய நேரமில்லை. அரை மணி கோபம். பிறகு சிரிப்பு. அந்தக் காலத்து அலெக்சாண்ட்ரியா அறிஞர்களும் தெரியாத தெற்கை இப்படித்தான் மூடி வைத்தார்கள். இதையே எடுத்துப் போகிறேன்.

ந. 12, வியா.

திருப்பதி. வெயில். கமிட்டியில் மூவர். படத்தை மாட்டியதும் கண்ணாடிக்காரர் சிரித்தார்: “ஏமம்மா, சமுத்ரான்னி செருவு சேசேசாரே!” கடலை ஏரியாக்கிவிட்டேனாம்.

“அவுனண்டி,” ஆமாம் என்றேன். தெலுங்கிலேயே தொடர்ந்தேன். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக, படித்தவர்களே இப்படி நம்பியது. ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே தெற்கே போன மாலுமிகள். ஒருநாள் கரை முடிந்து, கப்பல் கிழக்கே திரும்பியது. சொல்லிக்கொண்டே அந்தக் கோட்டை ஒட்டிக் கத்தரிக்கோல் போட்டேன். கீழ்த்துண்டு தரையில் விழுந்தது. கடல் திறந்தது.

தலைமையாசிரியை எழுந்து வந்து துண்டை எடுத்துப் பார்த்தார். “இங்க படிக்கிற தமிழ்ப் பொண்ணுங்களுக்கும் இப்பிடியே சொல்வீங்களா?”

“அவங்களுக்கு இன்னும் நல்லா சொல்வேன்.”

நன்றாகச் செய்தேன். எனக்கே தெரிகிறது.

ந. 23, திங்கள்

உத்தரவு வந்தது. டிசம்பர் முதல் தேதி சேர வேண்டும். தங்குவதற்குப் பள்ளியிலேயே அறை. சம்மதம் எழுதித் தபாலில் சேர்த்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து இன்னும் வரவில்லை.

ராஜம்மா: “அண்ணன் வந்தா அதுகிட்ட இன்னான்னு கேப்ப?”

கேட்பதற்கு ஒன்றுமில்லை. சொல்லுவேன்.