கசிப்புக்காரி ரஞ்சிக்கு

என் ஆசை ரஞ்சி,

தலைப்பைப் பார்த்ததும் உனக்குக் கோபம் வந்திருக்கும். வரட்டும். உயிரோடு இருந்தபோது வந்திருக்க வேண்டிய கோபம் அது. நீ படாமல் விட்ட கோபத்தையெல்லாம் நான்தான் பட்டுக்கொண்டு திரிகிறேன். பிரஷர் ஏறி, டொக்டர் குளிசையைக் கூட்டியிருக்கிறார். அதற்கும் நீதான் பொறுப்பு.

உன் மகள் நிலாவின் கலியாணம் முடிந்துவிட்டது. கோயில் தேர் முடிந்த அடுத்த கிழமை, நல்லபடியாக. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். உனக்குப் பிடிக்காது, தெரியும். ஆனால் உன்னைப் பற்றி எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நின்று கதைத்தவர்கள் லா சப்பலில் நின்றே இதை வாசிக்க வேண்டும்.

எங்கே தொடங்கியது என்று நினைவிருக்கிறதா? அந்தக் கலியாண மண்டபத்து வாசலில். வந்தவர்களுக்குப் பன்னீர் தெளிக்க ஆளில்லை என்று நீ செம்பை எடுத்தாய். ரோஸ் நிறச் சாறி கட்டியிருந்தாய், வடிவாக இருந்தாய். சாறிக்கடை மலர் அக்கா எங்கிருந்தோ ஓடி வந்தா. முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"இஞ்சை தாரும் பிள்ளை. நீர் உள்ளுக்கை போய்ச் சாப்பாட்டுப் பக்கத்தைப் பாரும்."

அவ்வளவுதான். புருஷனை விட்டு வந்தவள் வாசலில் நிற்கக்கூடாது. அவன் குடித்துவிட்டு உன்னை அடித்ததும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ எபினேயில் என் வீட்டுக் கதவைத் தட்டியதும், பிறகு என்னோடேயே இருந்துவிட்டதும் மலர் அக்காவுக்குத் தெரியாததா? அவவும் அதே கட்டடம்தானே. அவனை எந்தக் கலியாணத்திலாவது யாராவது வாசலில் மறித்தார்களா? முன் வரிசையில் உட்காரவைத்து சோடா உடைத்துக் கொடுக்கிறார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் நீ யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாய். "செம்பைத்தானே தொட விடமாட்டினம்? உள்ளுக்கை இருக்கிற பன்னீர் என்ரையா இருக்கட்டும். அப்ப என்ன செய்வினம் எண்டு பாப்பம்."

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அடுத்த கிழமை பெட்டி வந்து இறங்கியது.

எங்கள் குசினி மேடையில், அரிசி அவிக்கும் மின்சாரப் பானைக்குப் பக்கத்தில், செம்பில் செய்த ஒரு சின்னச் சாமான். கீழே பானை, மேலே குமிழ் போல மூடி, மூடியிலிருந்து கழுத்து நீண்ட குழாய், அது போய் இறங்க ஐஸ்தண்ணீர் நிரப்பிய ஒரு வாளி. அலம்பிக் என்றாய். பூவையும் தண்ணீரையும் பானையில் போட்டுக் கொதிக்கவைத்தால் ஆவி மேலே போய், குழாய்க்குள் குளிர்ந்து, பன்னீராகச் சொட்டும் என்றாய். கடையில் விற்கிற பன்னீரெல்லாம் வெறும் எசன்ஸ் கலந்த தண்ணீர் என்று எனக்கு வகுப்பே எடுத்தாய்.

முதல் தடவை பூப் போடக்கூடாது, வினாகிரி கலந்த தண்ணீரைக் காய்ச்சி ஊற்ற வேண்டும், புதுச் செம்பின் அழுக்குப் போக வேண்டும் என்று விளக்கத்தில் இருந்தது. வீடு முழுக்கப் புளிச்ச நாற்றம். நிலா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு "மமோன், சே தெகுலாஸ்!" என்று கத்தினாள். அருவருப்பாம். பிறகு பொருத்துகளால் ஆவி கசிந்தது. நீத்துப்பெட்டியில் பிட்டு அவிக்கும்போது பானை விளிம்பில் ஈரத்துணி சுற்றுவோமே, அதையே செய்தாய். நிற்கவில்லை. கடைசியில் கோதுமை மாவைப் பசையாகக் குழைத்து அப்பினாய். அது இறுகியதும் ஒரு பொட்டு ஆவி வெளியே வரவில்லை. நீ குசினியில் ஒரு ஆட்டம் போட்டாயே, அதை நான் எங்கே போய் இனிப் பார்ப்பேன்?

பூ விஷயத்தில்தான் இரண்டு பேரும் முட்டாள்கள் ஆனோம். மெத்ரோ வாசலில் விற்கிற ரோசாவை அள்ளி வந்து காய்ச்சினாய்; கீரை அவித்த தண்ணீர் மாதிரி மணத்தது. பார்வைக்கு மட்டும் வளர்த்த பூவில் வாசம் ஏது? பிறகு ரூ பஜோல் கோயிலில் கழற்றிப் போட்ட மாலைகளைப் பையில் கட்டிக்கொண்டு வந்தாய். வீணாகத்தானே போகிறது என்றாய். சாமிக்குச் சாத்திய பூவைக் கொதிக்கவைத்துத் திரும்பச் சாமிக்கே தெளிப்பதா என்று நான் கத்தினேன். ஐயரைக் கேட்டோம். அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். பையைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரூ பஜோல் முழுக்கச் சிரித்துக்கொண்டு நடந்தோம்.

கடைசியில் நீ வீடு துப்புரவாக்கப் போகும் மதாமின் தோட்டத்து ரோசாதான் கைகொடுத்தது. மருந்தடிக்காத, இதழ் உதிரும் பழைய இனம். வெயில் ஏறுமுன் பறித்து, மெல்லிய நெருப்பில் வைத்தாய். முதல் சொட்டு விழுந்ததும் இரண்டு பேரும் போத்தல் வாயில் மூக்கை வைத்தோம். அப்படி ஒரு வாசம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மலர் அக்கா கோயில் பிரசாதத்தோடு வந்தா. கதவு திறந்திருந்தது. அவ கண்டது என்ன? செம்புப் பானை, குழாய், மாப் பூசிய மூடி, போத்தலில் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர். எங்கள் ஊரில் அப்படி ஒரு சாமானைக் கண்டவர்களுக்கு ஒரே ஒரு சொல்தான் வாயில் வரும். கசிப்பு. பற்றைக்குள் ஒளித்துக் காய்ச்சும் கள்ளச்சாராயம். ஊரில் அது எத்தனை குடும்பத்தை அழித்தது என்று தெரியாதா? கிட்ட வந்து மூக்கை வைத்திருந்தால் ரோசா வாசம் தெரிந்திருக்கும். கிட்ட வரவில்லை. கைபேசியில் ஒரு படம் எடுத்தா. பிரசாதத்தைச் சப்பாத்துத் தட்டில் வைத்துவிட்டுப் போயிட்டா.

பின்னேரமே படம் எல்லாக் கைபேசிக்கும் போய்விட்டது. குடிகாரனை விட்டு வந்தவள் இப்போது கசிப்பு காய்ச்சுகிறாள். என்ன ருசியான கதை! மீன் கடையில் நின்றால் கேட்கிறார்கள். நகைக்கடையில் கேட்கிறார்கள். "ரஞ்சியிட்டை ஒரு போத்தல் எடுக்கலாமோ?" என்று ஒருவன் என்னிடமே கேட்டான். பொலிஸ் வரப்போகிறது என்று ஒருத்தி. நான் ஒவ்வொருவரோடும் சண்டை பிடித்தேன். நீ?

"விடடி தேவி. தானா அடங்கும்."

அடங்கியதா? நீதான் அடங்கினாய். அலம்பிக்கைத் துவாயில் சுற்றி அலுமாரி மேலே வைத்தாய். லா சப்பலுக்குப் போவதையே நிறுத்தினாய். ஒரு பிடி கறிவேப்பிலைக்கு இரண்டு பஸ் மாறி வேறு எங்கேயோ போனாய். இருபது வருடம் உன் காலடி தேய்ந்த தெரு அது. ஏன் விட்டுக்கொடுத்தாய்? ஒரு சொட்டு மதுவை நாக்கில் வைக்காதவள் நீ. குடியின் மணம் வந்தாலே எழும்பிப் போய்விடுபவள். ஒரு போத்தல் பன்னீரை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சாறிக்கடைக்குள் ஊற்றிவிட்டு வந்திருக்கக்கூடாதா?

அந்த மாரிக் குளிரில் உன் நெஞ்சு நின்றுபோனது. வேலைக்கு வெளிக்கிட்டு, கோட்டுக்கு ஒரு கை மட்டும் போட்டபடி. உன்னை எரிக்கக் கொண்டுபோன இடத்திலும் என் பின்னால் ஒருவர் மெல்லச் சொன்னார், "ஈரல் போயிருக்கும் என்ன?" ரஞ்சி, நான் திரும்பிக் கத்திய கத்தல் உனக்குக் கேட்டிருக்கும். நிலா என் கையைப் பிடித்து, "லெஸ் தொம்பே, அன்ரி" என்றாள். விட்டுவிடட்டாம். உன் மகள்தானே.

ஆனால் அவள் விடவில்லை. அதுதான் நான் உனக்குச் சொல்ல வந்த செய்தி.

அவள் விரும்பிய பெடியன் கஜன் என்று சொல்லியிருப்பாள். அவனின் தாய் கமலா ஒருநாள் என் வீட்டுக்கு வந்தா. கஜனுக்குத் தகப்பன் இல்லை, செத்துக் கனகாலம். கோப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டா. "குறை நினையாதேங்கோ. பிள்ளையின்ரை தாய் கசிப்பு காய்ச்சினவ எண்டு கதைக்கினம். என்ரை ஆக்கள் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

நிலா அறைக்குள்ளிருந்து வந்தாள். தமிழில் சொன்னாள், கஷ்டப்பட்டு, ஒவ்வொரு சொல்லாக. "என்ரை அம்மாவை அப்பிடி நினைக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டன். கஜனுக்கும் சொல்லிப்போட்டன்." பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதிரையைப் போட்டு ஏறி, அந்த அலம்பிக்கை இறக்கிக் கமலாவின் முன்னால் வைத்தேன். "ரோசா பூக்கட்டும். அப்ப வாங்கோ. உங்கடை கண்ணுக்கு முன்னாலை காய்ச்சிறன்."

சொல்லிவிட்டேன். எனக்குக் காய்ச்சத் தெரியுமா? நீ செய்ததைப் பார்த்துக்கொண்டு வாய் பார்த்தவள்தானே நான். மதாம் தோட்டத்தைத் திறந்துவிட்டா. "போவ்ர் ரஞ்சி", பாவம் ரஞ்சி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தானும் என்னோடு பறித்தா. முதல் தடவை நெருப்பைக் கூட்டி வைத்தேன். தண்ணீர் வற்றி, பூ அடிப்பிடித்து, கருகிய நாற்றம். நடுக் குசினியில் நின்று உன்னைத் திட்டினேன். ஐஸ்கட்டி எவ்வளவு போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், ஒன்றையும் சொல்லித்தராமல் போய்விட்டாயே என்று. நிலா பேசாமல் வந்து, மதாமின் பூவில் மிச்சம் இருந்ததைக் கொண்டுவந்து வைத்தாள். கரியைச் சுரண்டித் தந்தாள். மாக் குழைத்து அப்பியது அவள்தான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கதவிடுக்கால் பார்த்திருக்கிறாள். நாறுகிறது என்று கத்திக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

கமலா வந்து உட்கார்ந்தா. நெருப்பை மெல்ல வைத்தோம். மூன்று பேரும் குழாய் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். சொட்டு விழுந்தது. கமலா விரலை நீட்டி ஏந்தி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனா. இன்னொரு சொட்டையும் ஏந்தினா.

"இதையோ கசிப்பெண்டவை?"

"இதைத்தான்."

எதற்காக நீ இதைத் தொடங்கினாய் என்று அப்போது சொன்னேன். வாசலில் செம்பைப் பறித்த கதையை. கமலாவின் முகம் மாறியது. "என்ரை மகன்ரை கலியாணத்திலை நான் எங்கை இருக்கவேணும் எண்டு இப்பவே சொல்லிப்போட்டினம்," என்றா. "பின்னுக்கு. முன்னுக்கு வரக்கூடாதாம். நான்தானே அவனை வளர்த்தனான்?"

ரஞ்சி, அந்த இடத்தில் என் கோபத்துக்கு ஒரு வழி தெரிந்தது.

கலியாணத்தன்று மண்டப வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு எல்லாம் வைத்த மேசை. பக்கத்தில் வெள்ளிப் பன்னீர்ச்செம்பு. அதைப் பிடித்துக்கொண்டு நின்றது மாப்பிள்ளையின் தாய் கமலா. வெற்று நெற்றியோடு, மாம்பழ நிறப் பட்டோடு. அவவின் அண்ணை ஓடிவந்து காதுக்குள் ஏதோ சொன்னார். "நான் இஞ்சைதான் நிப்பன், நீங்கள் உள்ளுக்கை போங்கோ அண்ணை," என்றா. அவர் போனார். வேறென்ன செய்வார்?

எல்லோரும் வந்தார்கள். பன்னீர் பட்டதும் ஒவ்வொருவரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மலர் அக்காவும் வந்தா. மாப்பிள்ளை வீட்டுக்குச் சாறி அவவின் கடையில்தானே எடுத்தது. கமலா செம்பை நன்றாகவே உதறித் தெளித்தா. அது கொஞ்சம் கூடத்தான், எனக்குத் தெரியும். மலர் அக்கா கன்னத்தைத் தொட்டு மணந்து பார்த்தா. கண்ணே மூடிப்போனது.

"அட, என்ன வாசம்! எந்தக் கடையிலை எடுத்தனியள் கமலா?"

கமலா செம்பைக் கீழே வைக்கவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை.

"கடையிலை எடுக்கேல்லை அக்கா. இது என்ரை சம்பந்தியின்ரை கசிப்பு. வடிவா மணந்து பாருங்கோ."

மலர் அக்காவின் கை கன்னத்திலேயே நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். துடைக்கவும் முடியாது, துடைக்காமல் இருக்கவும் முடியாது. அந்த வாசத்தோடுதான் சாப்பிட்டு முடித்துப் போனா.

எனக்கு ஆறிவிட்டது என்று நினைக்காதே. ஆறவில்லை. சம்பந்தி என்று உன்னை அவ சொன்னபோது நீ அங்கே நிற்கவில்லையே, அதற்கு யாரை நான் திட்டுவது?

ஒன்று மட்டும் உறுதி தருகிறேன். ஒவ்வொரு கோடையும் மதாமின் ரோசாவைக் காய்ச்சுவேன். லா சப்பலில் யார் வீட்டுக் கலியாணத்துக்குக் கேட்டாலும் உன் பன்னீர் போகும். ஒரே ஒரு நிபந்தனை. வாசலில் செம்பைப் பிடிப்பது யார் என்று நான்தான் சொல்வேன். லா சப்பல்காரர்களே, நீங்கள் உள்ளே போகச் சொன்னவளைத்தான் சொல்வேன்.

மூன்று மாதம் மூத்தவள் என்று தெரிந்தும் ஒருநாளும் நீ அக்கா என்று கூப்பிடாத,
உன் அக்கா,
தேவி