அத்தையின் வேண்டுதல்

லால்குடி
5.1.2025

வள்ளிக்கண்ணுவுக்கு,

கலையரசன் எழுதுவது. ஆறு வருடம் கழித்துப் புருஷனிடமிருந்து கடிதமா என்று கிழித்துப் போட்டுவிடாதே. என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய், வேறு வழியில்லை. போன மாசியில் அம்மா தவறிவிட்டார். உன் அண்ணன் சொல்லியிருப்பான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தலையில் இருந்தது இப்போது என் தலையில் இருக்கிறது. அதே தடித்த சிவப்புத் திட்டு, அதே வெள்ளைச் செதில், காதுக்குப் பின்னால் வரை. உரக்கடையில் கறுப்புச் சட்டை போட்டு உட்கார முடியவில்லை. மூட்டை வாங்க வருபவர்கள் என் தோளைப் பார்த்துவிட்டுத் தள்ளி நிற்கிறார்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது கதவுக்குப் பின்னால் யாரோ சொறியும் சத்தம் கேட்கிறது. நீ இங்கே இருந்தபோது கேட்குமே, அதே சத்தம். எழுந்து போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள். என் நகத்தில்தான் ரத்தம் இருக்கும்.

போகும்போது வாசலில் குனிந்து மண்ணை வாரித் தூற்றினாயே, அதன் பலன்தான் இது. தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சமயபுரத்தில் மொட்டை போடப் போகிறேன். நீயும் வந்து, விட்ட சாபத்தை ஆத்தா முன்னால் திரும்ப எடுத்துக்கொள். நான் ஒன்றும் கேட்கக்கூடாததைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கலையரசன்


ஸ்ரீரங்கம்
11.1.2025

மாமாவுக்கு,

மண்ணைத் தூற்றியது உண்மைதான். மனதாரத்தான் தூற்றினேன். ஆனால் என் கை மண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால் உங்கள் தலையோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

இது சாபம் இல்லை, ஒட்டுவாரொட்டியும் இல்லை. ஒட்டுவதாக இருந்தால் ஒரே பாயில் படுத்த ஒன்பது வருடத்தில் ஒட்டியிருக்கும். இதன் பெயர் சொரியாசிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தி தடம் மாறிப்போய், ஒரு மாதத்தில் வளர வேண்டிய தோலைச் சில நாளிலேயே வளர வைத்துவிடுகிறது. அதுதான் செதிலாகக் கொட்டுகிறது. அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம். நான் அடக்கித்தான் வைத்திருக்கிறேன். தையல் கடையில் கறுப்பு ரவிக்கை போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன்.

தயவுசெய்து மொட்டை போடாதீர்கள். திட்டு சிவந்திருக்கும்போது கத்தி பட்டால், பட்ட இடமெல்லாம் புதிதாகக் கிளம்பும். எனக்குக் கிளம்பியது. ஆத்தா கோபம் தணிய வேண்டும் என்று சமயபுரத்தில் என்னை உட்கார வைத்து மழித்தீர்களே, அப்போது நீங்கள் நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தத் தலை ஆற இரண்டு மாதம் ஆயிற்று. ஆறியதும்தான் உங்கள் வீட்டை விட்டு வந்தேன்.

எலுமிச்சம்பழம், உப்பு என்று யார் எதைச் சொன்னாலும் தேய்க்காதீர்கள். சீப்பால் செதிலைப் பெயர்க்காதீர்கள். தோல் டாக்டரிடம் போங்கள். செதிலை ஊற வைக்க ஒரு எண்ணெய், தார் கலந்த ஷாம்பு, தடவ ஒரு ஸ்டீராய்டு லோஷன், இப்படித்தான் தருவார்கள். ஷாம்புவைப் போட்டவுடன் கழுவாமல் ஐந்து நிமிடம் ஊற விட வேண்டும். லோஷனை அவர் சொன்ன நாளோடு நிறுத்திவிட வேண்டும். நன்றாகக் கேட்கிறதே என்று நீங்களாகவே கடையில் வாங்கித் தடவினால் தோல் மெலிந்துபோகும். சிலருக்கு இது மூட்டிலும் இறங்கும், விரல் மூட்டு வலித்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சமயபுரத்துக்கு நான் வரவில்லை.

வள்ளிக்கண்ணு


லால்குடி
27.1.2025

அன்புள்ள வள்ளி,

திருச்சி தில்லைநகரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். நீ எழுதியதையேதான் சொன்னார். அந்த ஃபீஸை உனக்கே கொடுத்திருக்கலாம். பத்து நாளில் அரிப்பு பாதி குறைந்திருக்கிறது.

"ரத்த சொந்தத்துல யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். என் மனைவிக்கு இருக்கிறது, அவள் என் அம்மாவின் அண்ணன் மகள்தான் என்றேன். "அப்ப உங்க அம்மாவுக்கு?" என்றார். இல்லை என்று வாய் சொல்லிவிட்டது.

பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். அம்மாவின் தலையில் முடியை நான் எப்போது பார்த்தேன்? வருடத்துக்கு மூன்று தடவை சமயபுரத்தில் மொட்டை. கேட்டால் வேண்டுதல் என்பார். மற்ற நாளெல்லாம் முக்காடு. வீட்டுக்கு வந்து அம்மாவின் பீரோவைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் ஒரு துணிப்பை. அதற்குள் பிதுக்கித் தீர்ந்த தார்க் களிம்பு டியூப்கள், முப்பது நாற்பது இருக்கும். சில நம் கல்யாணத்துக்கும் முந்தியவை. அம்மாவின் மேல் எப்போதும் ஒரு புகை வாசனை அடிக்குமே, அது அந்தப் பைக்குள்ளிருந்து வந்தது. இத்தனை வருடமும் அடுப்புப் புகை என்றுதான் நினைத்திருந்தேன். பையை மூடிய பிறகும் வாசனை போகவில்லை வள்ளி. இந்த வீட்டில் அறை அறையாக என் பின்னாலேயே வருகிறது.

உனக்கு இது தெரியுமா? தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 20 அம்மாவுக்கு முதல் திவசம். நீ வந்துவிடேன். வந்து இங்கேயே இருந்துவிடு.

கலையரசன்


ஸ்ரீரங்கம்
3.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

தெரியும். கல்யாணமான இரண்டாவது வருடம், அத்தை கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தபோது துண்டு கொடுக்கப் போனேன். அப்போதுதான் பார்த்தேன். அத்தை ஈரத்தோடு என் காலைப் பிடித்துக்கொண்டார். "எம் மவன்கிட்ட சொல்லிடாதடி. தெரிஞ்சா எங் கையால ஒரு வாய் சோறு வாங்கித் திங்கமாட்டான்." சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

பிறகு எனக்கு வந்தபோது என் தட்டையும் தலையணையையும் தனியாக ஒதுக்கியவரும் அவர்தான். ஊர் என் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவர் தலைப் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள் இல்லையா? சமயபுரத்துக்கு என்னை இழுத்துப் போனவரும் அவர்தான். கழுத்தில் ரத்தம் வழிந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவரும் அவர் ஒருவர்தான். இன்றுவரை அவரை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. சில நாள் கண்ணாடி முன்னால் மருந்து தடவும்போது, என் தலையில் நகர்வது அத்தையின் விரல்களாகத் தெரிகிறது. பயந்து கையை எடுத்துவிடுகிறேன்.

வருகிறேன் மாமா. எனக்கும் வர ஆசைதான். ஒரே ஒரு நிபந்தனை. திவசத்தன்று பந்தியில், சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் நீங்கள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்: இது அம்மாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, வள்ளியிடமிருந்து ஒட்டவில்லை என்று. வேறொன்றும் வேண்டாம். சொல்லிவிட்டு எழுதுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

உங்கள்
வள்ளி


லால்குடி
21.2.2025

அன்பு வள்ளிக்கு,

திவசம் நல்லபடியாக முடிந்தது. நீ சொன்னபடியே செய்துவிட்டேன். சாப்பாடு நடக்கும்போது எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பாதான், "பாவம்டா அந்தப் புள்ள, போய்க் கூட்டிட்டு வா" என்றார். அக்கா அழுதுவிட்டாள். எனக்கும் பாரம் இறங்கினாற்போல் இருக்கிறது.

உன் அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். நான் கார் எடுத்துக்கொண்டு வரட்டுமா, நீயே வந்துவிடுகிறாயா? ஒரு வரி எழுது.

உன்
கலையரசன்


ஸ்ரீரங்கம்
25.2.2025

திரு. கலையரசன் அவர்களுக்கு,

நான் வந்திருந்தேன்.

நீங்கள் சொல்லும்போது அங்கே இருந்து கேட்க வேண்டும் என்று ஆசை. காலை ரயிலில் வந்து, சாமியானாவுக்குப் பின்னால், சமையல்காரர்கள் பாத்திரம் கழுவும் இடத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன்.

பந்தியில் ஒரு மொட்டைத் தலை குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தது. அத்தை என்றே நினைத்துவிட்டேன். நிமிர்ந்தபோதுதான் நீங்கள் என்று தெரிந்தது. "என்னடா திடீர்னு மொட்டை?" என்று சித்தப்பா கேட்டார். "வேண்டுதல் சித்தப்பா" என்றீர்கள். "தலையெல்லாம் புண்ணா இருக்கே?" என்று உங்கள் அக்கா கேட்டார். "எல்லாம் அவகிட்டேருந்து ஒட்டிக்கிட்டதுதான்" என்றீர்கள். சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு ரசம் ஊற்றப் போனீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எழுந்து நின்று எதுவும் சொல்லவில்லை. கடைசிப் பந்திவரை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மருந்தை விட்டுவிடாதீர்கள். கத்தி பட்ட இடத்தில் நீர் கசிந்தால் டாக்டரம்மாவிடம் காட்டுங்கள். எனக்கு இனி எழுத வேண்டாம்.

திரும்பும் ரயிலில் முக்காட்டை எடுத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் காதோரத்துத் திட்டைப் பார்த்து, "என்னம்மா அது?" என்று கேட்டார். சொன்னேன். எங்கள் அத்தை ரெங்கம்மாளுக்கு இருந்தது, அவர் மகன் கலையரசனுக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது என்று பெயர் சொல்லியே சொன்னேன். எதிர் சீட்டில் இருந்தவர்களும் கேட்டார்கள். ஸ்ரீரங்கம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

வள்ளிக்கண்ணு