கையுறை டப்பாவில் உன் சீட்டுக்கட்டு

இன்று வார்டில் புதிய கையுறை டப்பாவைத் திறந்ததும் அந்த ரப்பர் வாடை அடித்தது. உன் டாரட் சீட்டுகள் நினைவுக்கு வந்தன. கூடவே பழைய எரிச்சலும். காலி கையுறை டப்பாவில்தானே அவற்றை ஒளித்து வைத்திருந்தாய்.

இருபது வருடம் நர்சாக இருந்தவள், படம் போட்ட அட்டையிடம் புத்தி கேட்டாய். வெள்ளிக்கிழமை சர்ச் பூசை முடிந்து, இந்த கல்ஃப் ஊரில், ஃபஹாஹீலில் நாம் இருந்த அறைக்குத் திரும்பியதும் கட்டில் விரிப்பில் மூன்று சீட்டு வைப்பாய். சீட்டுக்கு ஒரு கேள்வி: என்ன இருக்கிறது, எதை மறைக்கிறேன், என்ன செய்ய வேண்டும். கிளி ஒன்றுதான் குறைச்சல் என்பேன். நீ கோபப்பட மாட்டாய். "நாளைக்கி நடக்கப்போறதப் பாக்கலட்டி, என் மனசத்தான் பாக்குதேன். அடுத்தவங்க மேல பழி போடாம உள்ளதச் சொல்லணும், அம்புட்டுதான்" என்பாய். மனதைப் பார்க்க அட்டை எதற்கு என்று நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

இப்போது உன் கட்டிலில் இருப்பவள் கைபேசியிலேயே சீட்டு எடுக்கிறாள். பிரபஞ்சம் அவளோடு பேசுகிறதாம். மெஸ்காரர்கூட அவளோடு பேசுவதில்லை.

உன் காண்ட்ராக்ட் முடிந்த மாதம் நினைவிருக்கிறதா? ஊரில் மகள் உன் போனை எடுப்பதை நிறுத்தியிருந்தாள். அன்று மூன்றாவது சீட்டில் ஒருவன், அடுக்கி வைத்த கோப்பைகளுக்கு முதுகு காட்டி நடந்து போய்க்கொண்டிருந்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு, "போதும்ட்டி. நான் பிள்ளகிட்ட போறேன்" என்றாய்.

நான் சிரித்தேன். அட்டைக்கு விசா தெரியுமா, காண்ட்ராக்ட் தெரியுமா என்று கேட்டேன். இன்னும் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, அவளைக் காலேஜில் சேர்த்துவிட்டுப் போ என்றேன். நம் அறையில் விவரமானவள் நான்தானே. மறுநாள் புதுக் காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டாய். அதன் பதினோராம் மாதம் டியூட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். சுற்றி அத்தனை நர்சுகள் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போன லீவில் உன் மகளைப் பார்த்தேன். உன் கண்தான் அவளுக்கு. "அம்மைக்கு வர இஷ்டம் இல்லியா சித்தி?" என்று கேட்டாள். காண்ட்ராக்ட் மக்ளே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வெட்கத்தை விட்டு, நான் எடுத்து வைத்திருந்த உன் சீட்டுகளை வைத்துப் பார்த்தேன். என்ன படம் வந்தாலும் இரண்டாவது சீட்டுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. நீ போய்விட்டால் எதிர்க்கட்டில் காலியாகிவிடும். அந்தப் பயத்தைத்தான் விவரம் என்று உன்னிடம் விற்றேன். அந்தக் கட்டிலோ, நீ இறந்த பத்தாம் நாளே நிரம்பிவிட்டது.

அந்த அட்டைகளை இன்றும் நான் மதிக்கவில்லை. என்னை அவற்றைவிடக் குறைவாக மதிக்கிறேன். அடுத்த வாரம் லீவு. டப்பாவைத் துணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன். உன் மகளிடம் அதைக் கொடுத்துச் சொல்லப்போகிறேன்: உங்க அம்மை அன்னிக்கே உன்கிட்ட வரக் கிளம்பிட்டா மக்ளே, நான்தான் நிறுத்தினேன்.