பச்சையாகாத சுடர்

என்னங்க,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் இருமி இருமித் தூங்கினாள்.

"உங்க பிளாஸ்டிக் புகைதான் பிள்ளைய இப்படிப் படுத்துது" என்று நான் கத்தி, நீங்கள் கிளம்பிப்போய் இரண்டு மாதம். அன்றிலிருந்து நீங்கள் பிளாஸ்டிக் வெட்டும் லேசர் மெஷின் ஓடவில்லை. இருமல் மட்டும் நிற்கவில்லை.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் நோட்டில் இருந்தபடி செம்புக் கம்பியைக் காய்ச்சி, நீங்கள் வெட்டிய பிளாஸ்டிக் தகட்டில் தொட்டு, மறுபடி நெருப்பில் பிடித்தேன். நச்சுப்புகை விடும் பிவிசி என்றால் சுடர் பச்சையாகுமாமே? ஆகவே இல்லை. நீங்கள் தலையிலடித்துக்கொண்டு சொன்ன அக்ரிலிக்தான்.

இன்று பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, புகைக்குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அந்தத் தகட்டில் ஒரு பிறைநிலா வெட்டினேன். ஓரம் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது! தேய்க்காமலே எப்படிங்க?

"அப்பா வந்து செஞ்சாரா?" என்று நிலாவைப் பார்த்துப் பாப்பா கேட்டாள். நான் என்ன சொல்லட்டும்? சீக்கிரம் பதில் போடுங்கள்.

பாப்பாவின் அம்மா