வேலூர் ஃபைனலுக்கு வராதவள்

ஆரணி,
4-2-1981

அன்புள்ள ரேணு,

பதின்மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன், கிழித்துப் போட்டுவிடாதே. கல்லூரியில் உன் டபுள்ஸ் ஜோடியாக இருந்தவள் மறுபடி டென்னிஸ் ராக்கெட்டைத் தொட்டுவிட்டேன்! இங்கே கிளப் கோர்ட்டில் காலை நேரத்தில் தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீட்டி வைத்திருப்பார்கள். நெசவுக்காரர் பலராமன் என்னைக் கண்டதும், "இரும்மா, ஜல்தியா சுருட்டிக்கறோம்" என்பார். அப்புறம்தான் ஆட்டம். இரண்டு மாதமாகிறது. முழங்கால் திட்டுகிறது, மனசு குதிக்கிறது. என் வீட்டுக்காரர் பந்து பொறுக்கித் தருகிறார், சிரிக்காதே.

அடுத்த மாதம் வேலூரில் போட்டியாம். நீ இன்னும் ஆடுகிறாய் என்று கேள்விப்பட்டேன். என்னோடு சேர்ந்து ஆடுவாயா?

உன்,
விருத்தா

வேலூர்,
11-2-1981

விருத்தா,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

அன்று இங்கே வேலூர் ஃபைனலுக்கு நீ வராமல், தனியாக நின்று, ஆடாமலே தோற்று வாக்ஓவர் கொடுத்தேனே, அந்த அவமானம் இன்னும் உறுத்துகிறது. ஆனால் உன்மேல் எனக்கென்ன கோபம்? அப்பா அனுப்பவில்லை என்று நீதான் எழுதினாயே. அந்த மனுஷரை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. அவர் காரியத்துக்கும் அதனால்தான் வரவில்லை. போகட்டும். நம் பெயரைக் கொடுத்துவிடவா? உன் பேக்ஹேண்ட் இன்னும் வலையில்தானா?

ரேணுகாம்பாள்

ஆரணி,
18-2-1981

ரேணு,

பெயர் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. அப்பா என்னைத் தடுக்கவில்லை. அன்று விடிகாலை வேலூர் பஸ்ஸுக்காக வாசலில் ஜட்காவைக் கொண்டுவந்து நிறுத்தி, "கெளம்பும்மா, அந்தப் பொண்ணு காத்துகினு இருக்கும்" என்றவரே அவர்தான். சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், வெயிலில் முகம் கறுத்துவிடுமே என்று நான்தான் தலைவலியென்று படுத்துக்கொண்டேன். பிறகு பழியை அவர்மேல் போட்டேன்.

இதை மறைத்துக்கொண்டு உன் பக்கத்தில் நின்று ஆட வெட்கமாக இருக்கிறது. ஆட ஆசையாகவும் இருக்கிறது.

விருத்தாம்பாள்

வேலூர்,
3-3-1981

விருத்தா,

பத்து நாளாக உனக்கு எழுதப் பிடிக்கவில்லை. எனக்காக ஜட்கா கொண்டுவந்தவரை இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்கு வருகிறேன். முதலில் உன் அம்மாவைப் பார்க்க வேண்டும், அப்பா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, எனக்கே தெரியாது. நீ சர்வீஸ் போடும்போது நான் வலையருகே உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நீ இருக்கிறாயா என்று திரும்பிப் பார்க்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறேன்.

ரேணு