தம்பியின் தலைக்குள் பார்த்தது

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றும் ஆள் வரவில்லை. நோயாளிகளுக்கு எங்கள் துறையில் பஞ்சமே இல்லை. வாசல் வரை நிற்கிறார்கள். நோய் இல்லாதவர்களைத்தான் வலை போட்டுத் தேட வேண்டியிருக்கிறது. வயது ஏற ஏற மூளையின் ரத்தக்குழாய்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்கும் ஆய்வு இது. அதற்குத் தலையில் எந்தக் கோளாறும் இல்லாத ஆட்கள் வேண்டும். முப்பதிலிருந்து நாற்பது வயது ஆண்கள் வரிசை மட்டும் நிறையவே மாட்டேன் என்கிறது. அந்த வயதில் ஒன்று நேரம் இருப்பதில்லை, இல்லையென்றால் பயம்.

எங்கள் துறைத் தலைவரை எல்லோரும் பெரியவர் என்போம். அவர் கேட்டார்: "உங்க வீட்டுல யாரும் இல்லையாம்மா?"

தம்பி இருக்கிறான். கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறான். மதிய இடைவேளையில்கூடக் கீழே இறங்க மாட்டான், அங்கேயே சாப்பிடுவான். போனில் ஒரே காற்று இரைச்சல்.

"வரேன்க்கா. ஆனா ஒரு கண்டிஷன். எனக்கு மூளை இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். வீட்டுல காட்டணும்."

பிப்ரவரி 15, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் வந்தான். ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கும் முன் பெல்ட், கடிகாரம், சாவி எல்லாம் கழற்றி வைத்தான். சாக்ஸில் ஓட்டை, பெருவிரல் எட்டிப் பார்த்தது. எதிர்பாராமல் ஏதாவது தெரிந்தால் சொல்லவா என்று கேட்க வேண்டும், அது ஆய்வின் விதி. கேட்டேன். "சொல்லு சொல்லு. ஊருக்கே சொல்லு" என்றான்.

படம் வந்தது. தலைகீழாகப் பிடித்த மரம் போலக் குழாய்கள். வலப்பக்கம் சுத்தம். இடப்பக்கம் நடுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு மொட்டு.

தலையை ஆட்டியிருப்பான், அதன் நிழல் என்று நினைத்தேன். படத்தைத் திருப்பினேன். இருந்தது. மேலிருந்து பார்த்தேன், கீழிருந்து பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் குழிக்குள்ளிருந்து அவனுடைய இரண்டு பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மெஷின் போடும் சத்தத்துக்குப் பெருவிரல் தாளம் போடுகிறது. மைக்கில் அவன் குரல்: "அக்கா, முடிஞ்சுதா? மூக்கு அரிக்குது."

"இன்னும் கொஞ்சம்தான். ஆடாத" என்றேன். எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னேன். எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல்.

வெளியே வந்து சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான்: "என்ன, இருக்கா?"

"இருக்கு."

அவன் கேட்டது மூளையைப் பற்றி.

பிப்ரவரி 17, திங்கள்

பெரியவர் பார்த்தார். ரத்தக்குழாய்ச் சுவர் மெலிந்து ஊதியிருக்கிறது, ஒரு பயறு அளவுக்கு. எண்பது வயது வரை அப்படியே கிடந்தாலும் கிடக்கும். நாளைக்கே வெடித்தாலும் வெடிக்கும். எது என்று படத்தில் தெரியாது. இத்தனை கோடி போட்டு வாங்கிய மெஷின், அது ஒன்றைத் தவிர எல்லாம் சொல்கிறது.

"குடும்பத்துல யாருக்காவது?" என்றார்.

அப்பா குளியலறையில் விழுந்தார். ஐம்பதுகூட ஆகவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனார். மாரடைப்பு என்றார்கள், நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டோம். யாரும் உள்ளே பார்க்கவில்லை.

சொன்னேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது அது.

பிப்ரவரி 18

சொல்லவில்லை.

பிப்ரவரி 19

போனை எடுத்தேன். எண்ணை அழுத்தும் முன்பே அவனிடமிருந்து படம் வந்தது. கிரேன் மேலிருந்து பனிமூட்டம், கீழே ஊரே காணோம். "மேகத்துக்கு மேல ஆபீஸ்" என்று எழுதியிருந்தான். வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

சொல்லிவிட்டேன்.

தம்பி வீட்டில், சாப்பாட்டு மேஜையில். அவன் மகள் குட்டியை அறைக்குள் வரையச் சொல்லி அனுப்பினோம். ஒரு தாளில் குழாயை வரைந்து, மொட்டை வரைந்து, நோயாளிகளுக்குச் சொல்கிற அதே வாக்கியங்களைச் சொன்னேன். பாதியில் எனக்கே அருவருப்பாக இருந்தது.

தம்பி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இது முன்னாடியே உள்ள இருந்துச்சா, இல்ல நீ பாத்ததும் வந்துச்சா?" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தம்பி மனைவி மழலையர் பள்ளியில் டீச்சர். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. இன்றும் உயரவில்லை.

"இத்தனை நாளா நல்லாத்தானே இருந்தாரு அண்ணி?"

"இப்பவும் நல்லாத்தான்மா இருக்கான்."

"அப்புறம் எதுக்குச் சொன்னீங்க?"

என்ன சொல்ல? விதி என்றா? அவனே சொல்லச் சொன்னான் என்றா?

மார்ச் 6

இரண்டு நிபுணர்களைப் பார்த்துவிட்டோம். முதலாமவர், "தொடாதீங்க. வருஷா வருஷம் படம் எடுத்துப் பாத்துக்கலாம்" என்றார். இரண்டாமவர், தொடை வழியாகக் குழாய் விட்டு மெல்லிய கம்பிச் சுருளால் அந்தப் பையை அடைத்துவிடலாம் என்றார். "சின்ன வயசு, அப்பா கதை வேற இப்படி. அடைக்கறதுதான் நல்லது. ஆனா அதுலயும் ஆபத்து உண்டு." இருவருமே நல்லவர்கள். இருவருமே கெட்டிக்காரர்கள். ஒருவராவது முட்டாளாக இருந்திருக்கலாம்.

திரும்பும் வழியில் காரில் தம்பி கேட்டான்: "டாக்டர், உங்க தம்பியா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

எல்லா நோயாளியும் கேட்கிற கேள்வி இது. அதற்கு ஒரு தயார்ப் பதில் வைத்திருப்பேன். கியரை மாற்றினேன். அவன் என் முழங்காலைத் தட்டி, "சரி சரி, ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றான்.

மார்ச் 24

கம்பெனியில் அவனே சொல்லிவிட்டான். மறைத்திருக்கலாம். "மேல எனக்கு ஏதாவது ஆனா கீழ நிக்கறவன் தலையிலதானே விழும்?" என்கிறான். அன்றே கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஸ்டோர் ரூமில் கையுறையும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை.

அவன் சொன்னது சரிதான்.

ஏப்ரல் 9

குட்டியை அவன் தூக்குவதில்லை. இருமினால் பாதியில் நிறுத்திக்கொள்கிறான். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறான். குனிந்து செருப்பு மாட்டுவதில்லை. இதெல்லாம் வேண்டாம், வழக்கம்போல இரு என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். தலைக்குள் வெடி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வழக்கம்போல இரு என்றால்? சொல்கிற வாய்க்கு என்ன.

குட்டி என் மடியில் ஏறிக் காதோடு கேட்டாள்: "அத்தை, அப்பா ஏன் பாத்ரூம் கதவைச் சாத்தவே மாட்டேங்கறாரு?"

ஏப்ரல் 16

கூடப்பிறந்தவர்களும் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்தான் எல்லோருக்கும் சொல்கிறவள். இரண்டு மாதமாக மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், படுக்கவில்லை. இன்று படுத்தேன். குழிக்குள் முகத்துக்கு மேல் ஒரு சாண் இடம்தான். இதற்குள் கிடந்தா அவன் தாளம் போட்டான்?

எனக்கு ஒன்றும் இல்லை. எல்லாக் கிளையும் சுத்தம்.

அழுகையாக வந்தது. எதற்கு என்று தெரியவில்லை. நிம்மதியாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நிம்மதியாக இருந்தேன், சீ.

ஏப்ரல் 19

"நீ எடுத்தியாக்கா?"

"எடுத்தேன்."

"இருக்கா?"

"இல்லடா."

"அப்பாடா!" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. நிஜமாகவே சந்தோஷப்பட்டான். இதற்கு அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

மே 21

அடைத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டான். "இப்படிப் பயந்து பயந்து எண்பது வயசு வரைக்கும் இருந்து என்ன கிழிக்கப் போறேன்? முடிச்சிட்டு மேல ஏறணும்க்கா."

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லி அது வெடித்துவிட்டால்? சரி என்று சொல்லி… தம்பி மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

ஜூன் 12, வியாழன்

அடைக்கும்போது உள்ளே வரலாம் என்றார்கள். போயிருக்கவே கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன்.

கம்பிச் சுருள் உள்ளே போவது அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றாய்ச் சுருண்டு சுருண்டு பையை நிரப்பியது. நல்ல கை அந்த டாக்டருக்கு. சாய மருந்து விட்டுப் பார்த்தார்கள். பைக்குள் ரத்தம் புகவில்லை. யாரோ "சூப்பர்" என்றார்கள்.

நான் பையைப் பார்க்கவில்லை. அதற்கு அப்பால் பார்த்தேன். ஒரு கிளை படத்தில் வரவில்லை.

இன்னும் யாரும் கவனிக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் எனக்கு மட்டும் தெரியும். கண்ணாடியைத் தட்டினேன். அதற்குள் டாக்டரும் பார்த்துவிட்டார், கையை உயர்த்தினார். எல்லோரும் ஓடினார்கள். ரத்தக்கட்டி. மருந்து கொடுத்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள். பாதிக் கிளை திரும்பி வந்தது. மீதி வரவில்லை. வரவே இல்லை. நான் பாத்துக்கிட்டே நின்னேன். பாக்கத்தானே தெரியும் எனக்கு? வேற என்ன தெரியும்?

வெளியே பெஞ்சில் தம்பி மனைவி. கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 14

வலது கை, வலது கால், பேச்சு.

என்னை அடையாளம் தெரிகிறது. "அ… அ…" என்கிறான். அதற்கு மேல் வரவில்லை. வராததைக் கண்டு அவனுக்கே ஆச்சரியம். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற முகம்.

ஜூலை 18

ஆறு மாதம் போகட்டும், நிறையத் திரும்பும் என்கிறார்கள். நானும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் இதை.

தம்பி மனைவி என்னோடு பேசுவதில்லை. கேட்டால் பதில், அவ்வளவுதான். போனால் நாற்காலி போடுவாள், உள்ளே போய்விடுவாள். குட்டி மட்டும் என் பையைக் குடைந்து பேனா எடுத்துக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் 5

இன்று துறைக் கூட்டத்தில் அவன் படத்தைப் போட்டார்கள். பெயர் இல்லாமல்தான். புடைப்பு முழுமையாக அடைபட்டிருக்கிறது, சுருள் கொஞ்சமும் நகரவில்லை. சிகிச்சை வெற்றி. முன்னால் உட்கார்ந்திருந்த இளம் டாக்டர்கள் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர் மட்டும் திரும்பி இருட்டில் என்னைத் தேடினார்.

அதே வேளையில் அவன் வீட்டில் கரண்டியைக் கீழே போட்டுக்கொண்டிருந்திருப்பான்.

ஆகஸ்ட் 6

ஆய்விலிருந்து அவன் படத்தை நீக்கிவிட வேண்டும். நலமானவர்கள் மட்டும். நீக்கிவிட்டேன். முப்பது–நாற்பது வரிசையில் மறுபடி ஓர் இடம் காலி.

செப்டம்பர் 13

முதலில் வந்தது கெட்ட வார்த்தை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் பூனைப் படத்தைக் காட்டி என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒன்று விட்டிருக்கிறான், தெளிவாக, ஒரு எழுத்து பிசகாமல். அந்தப் பெண் கைதட்டினாளாம். கெட்ட வார்த்தைகள் வேறு பாதையில் வரும், அது நல்ல அறிகுறிதான். குட்டி அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள்.

ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

அக்டோபர் 22, புதன்

நேற்று தம்பி மனைவியே போன் செய்தாள். "அண்ணி, நாளைக்கு ஸ்கூல்ல இருந்தே ஆகணும். இவரைப் பாத்துக்க வேற ஆள் இல்ல." அவ்வளவுதான். வா என்றுகூடச் சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன்.

அவள் கிளம்பும்போது மாத்திரை எங்கே, துண்டு எங்கே என்று காட்டினாள். வாசலில் செருப்பை மாட்டியபடி, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

தம்பி கண்ணாடி முன் உட்கார்ந்து இடக்கையால் சவரம் செய்யப் பார்த்தான். ரேசர் எதிர்ப்பக்கமே போகிறது. தாடையில் கீறி ரத்தம். நான் கையை நீட்டினேன், தலையை ஆட்டினான். மறுபடி முயன்றான். மறுபடி. பிறகு ரேசரை மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மேல… போக… மாட்டேன்ல?" என்றான், என்னைப் பார்க்காமல்.

"மாட்டேடா" என்றேன். நாளாகும், பார்க்கலாம், நம்பிக்கை வை என்று சொல்ல எத்தனையோ இருந்தது. சொல்லவில்லை.

நான் வெந்நீர் கொண்டுவந்து சோப்பை நுரைத்துத் தடவினேன். விலகவில்லை. கன்னம், மேல் உதடு, தாடை. கழுத்துக்கு வந்தபோது நாளம் என் விரலுக்குக் கீழே துடித்தது. ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன் இதை, கறுப்பு வெள்ளையில், அசையாமல். இவ்வளவு சூடாக இருக்கும் என்று தெரியாது.

ரேசரைக் கழுவினேன். அவன் முகத்தை மெல்லத் திருப்பி, அடுத்த கன்னத்தைக் காட்டினான்.